நூற்றுப் பன்னிரண்டு பாகை, இருபத்தெட்டு கிலோமீட்டர்

எங்கள் ரேடார் அறையில் பேய் என்பது பயமுறுத்தும் வார்த்தை இல்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது யாராவது சொல்வார்கள். "வடக்கே ஒரு பேய் நிக்குது." "அழிச்சிடு." அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் பேய் போய்விடும்.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடியில், வெள்ளை உருண்டைக்குள் ஒரு பெரிய தட்டு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நாலாபக்கமும் அலையை வீசி, "மழை இருக்கா?" என்று கேட்கும். மழைத்துளிகள் இருந்தால் அலை பட்டுத் திரும்பிவரும். சீக்கிரம் வந்தால் பக்கம், தாமதமாக வந்தால் தூரம். தட்டு பார்த்த திசையின் பாகையில், அந்தத் தூரத்தில், திரையில் ஒரு புள்ளி விழும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரொம்பத் தொலைவில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பெரிய மேகம் இருந்தால், அதன் பதில் வந்து சேர்வதற்குள் தட்டு அடுத்த கேள்வியைக் கேட்டு முடித்திருக்கும். இயந்திரத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாம் கேள்விக்கு வந்ததாக எடுத்துக்கொண்டு, எங்கோ மலை மேல் இருக்கிற மேகத்தைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிடும். இல்லாத இடத்தில் நிற்கிற அந்த மேகத்துக்குத்தான் பேய் என்று பெயர்.

பேயைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேள்வி கேட்கும் வேகத்தை மாற்றி, இன்னொரு தடவை கேட்க வேண்டும். நிஜ மேகம் நின்ற இடத்திலேயே நிற்கும். பேய் இடம் மாறும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் மறுகேள்வி. ஒரு மறுகேள்விக்கு ஆறு நிமிடம் ஆகும்.

இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்து நிற்கிற தெருவில் வளர்ந்தவன் நான். என் பெரியப்பா சரக்கு எடுக்கப் போனால், ஒரு துணியின் விலையைக் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாமல் வேறு இரண்டு துணியைப் புரட்டி, கடைக்காரரின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, போகிற போக்கில் முதல் துணியின் விலையை மறுபடி கேட்பார். உண்மையான விலை அசையாது. வாய்க்கு வந்த விலை அங்குமிங்கும் நழுவும். வானிலைத் துறையில் சேர்ந்த முதல் வாரமே மறுகேள்வியைப் பார்த்துவிட்டு, அட நம்ம கடைத்தெரு சமாசாரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் வண்டி ஓடியது. நான் "பேய்" என்று சொன்னால் பேய். "மழை" என்று சொன்னால் துறைமுகத்தில் கொடி ஏற்றுவார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர் படகோட்டி. துறைமுகத்திலிருந்து எதிர்த்தீவுக்குப் போய்வருகிற பயணிகள் படகு அவருடையது. காலையில் ஒரு நடை, மதியம் மூன்றே கால் மணிக்கு ஒரு நடை. மதிய நடைக்கு முன்னால் தவறாமல் எனக்குப் போன் செய்வார்.

"மச்சான், இன்னைக்கு வானம் என்ன விலை?"

"அத்தான், நாப்பது சொல்லுது. பேசி இருபதுக்கு முடிச்சு வச்சிருக்கேன்."

"கறாரா முடி. நேத்து நீ இருபதுன்னு சொல்லி, போன இடத்துல முப்பது வாங்கிட்டான். சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

"நனைஞ்சா காயப் போடுங்க. அதுக்கும் ரேடார் வேணுமா?"

இப்படித்தான் பேசுவோம். நாப்பது, இருபது என்பதெல்லாம் காற்றின் வேகம். என் மேலதிகாரி கேட்டிருந்தால் இருவரையும் வெளுத்திருப்பார்.

போன வருஷம், கோடைமழைக் காலம். மலைப்பக்கம் தினமும் மத்தியானம் மேகம் திரண்டது. தீவு இருக்கிற அதே திசையில், கடலுக்கு அப்பால், அந்த மலை எங்களிடமிருந்து முந்நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர். எங்கள் இயந்திரம் முந்நூறைக் கழித்துவிட்டு, தீவுக்குப் போகும் வழியில், இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு புள்ளியைப் போட்டது. முதல் நாள் மறுகேள்வி கேட்டேன். புள்ளி இடம் மாறியது. பேய். இரண்டாம் நாளும் கேட்டேன். பேய். மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குப் புள்ளி வந்தது. அதே பாகை, அதே தூரம். அத்தானின் போனும் வந்தது.

"மச்சான், இன்னைக்குப் பயணிகள் இல்ல. தீவுல விடுமுறை. குடிதண்ணி கேன் மட்டும் ஏத்தியிருக்கேன். போகலாம்ல?"

"தாராளமா போங்க. ஒரே ஒரு பேய் நிக்குது. அது நாலு நாளா நிக்குது, உங்களுக்கு வழிவிட்டுடும்."

"நல்லாப் பார்த்தியா? கிழக்கால லேசா கறுப்பு தெரியற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். விவரம் தெரியாத வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்து, சாயம் போகுமா என்று கேட்கும்போது கடைக்காரர்கள் சிரிப்பார்களே, அது.

"அத்தான், நீங்க படகை ஓட்டுங்க. பேயை நான் ஓட்டறேன்."

அது பேய் இல்லை. சின்ன மேகமாக அங்கே நிஜமாகவே முளைத்திருந்தது. மூன்று நாற்பதுக்கு ஏழு கிலோமீட்டர் உயரம் வளர்ந்தது. நாலு மணிக்குப் பதிமூன்று. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அப்படியே சரிந்தது. அவ்வளவு உயரத்து மேகம் சரிந்தால், அதற்குள் இருக்கிற குளிர்காற்று முழுவதும் கடல்மேல் கொட்டி நாலு பக்கமும் சீறும். அந்தச் சூறைக்காற்று வீசியது கால்மணி நேரம்தான். மறுநாள் கரையில் தண்ணீர்க் கேன்கள் ஒதுங்கின. கவிழ்ந்த படகு, மேகம் நின்ற அதே இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. அத்தான் கிடைக்கவில்லை. கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை.

விசாரணையில் எழுதிக் கொடுத்தேன்: மேகம் முதலில் தென்பட்டது மூன்று நாற்பதுக்கு. அப்போது படகு புறப்பட்டிருந்தது. வானொலியில் அழைத்தும் பதில் இல்லை. மூன்று நாற்பதுக்கு அழைத்தேன், அது நிஜம். மற்றதெல்லாம் நான் தைத்த சட்டை.

எட்டாம் நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். சமையலறையில், கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டாராடா?"

"இல்லக்கா. லைன் கிடைச்சிருக்காது."

"லைன் கிடைக்கலன்னா கிடைக்கிறவரைக்கும் நிக்க வேண்டியதுதானே? அப்படி என்ன தலைபோற அவசரம், தண்ணிக் கேனுக்கு?"

அவள் அழவில்லை. அழுகிறவளாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. செத்த மனிதர் மேல் வந்த கோபம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தானின் படத்தைக் கூடத்தில் மாட்டவில்லை. யாராவது அவரைப் பற்றி நல்லதாகப் பேச ஆரம்பித்தால், "கேட்காம போன மனுஷன்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். எட்டே மாதத்தில் படகோட்டும் உரிமம் வாங்கி, படகைச் செப்பனிட்டு, அதே இரண்டு நடையைத் தானே ஓட்ட ஆரம்பித்தாள். மதியம் மூன்று மணிக்கு எனக்குப் போன் வரும்.

"போகலாமா? உங்க அத்தான் மாதிரி கேட்காம போற ஆள் நான் இல்ல."

தினமும். அந்த வாக்கியத்தோடுதான் போன் வரும். நான் "போ" என்பேன். ஒவ்வொரு நாளும் மறுகேள்வி கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். மேகமே இல்லாத நாளிலும் கேட்பேன்.

இந்த வருஷம் கோடைமழைக் காலம் தொடங்கிய முதல் வாரத்தில், மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பாகை, இருபத்தெட்டு கிலோமீட்டர்.

மலைப்பக்கம் அன்றைக்கு மேகம் கிடையாது. மலையடிவாரத்து நிலையத்துக்குப் போன் போட்டேன். "இங்க காயுது சார், துணி ரெண்டு நிமிஷத்துல உலருது" என்றார்கள். மறுகேள்வி கேட்டேன். புள்ளி அசையவில்லை. வேகத்தை மாற்றி மூன்றாம் தடவை கேட்டேன். அசையவில்லை. எத்தனை விதமாகக் கேட்டாலும் ஒரே விலை சொல்கிற ஆள் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. எங்கள் கணக்குப்படி அது நிஜ மழை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிழக்கே துடைத்து வைத்த வானம்.

அக்காவைப் போக வேண்டாம் என்று சொன்னேன். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் புள்ளி மறைந்தது. ஒரு சொட்டு மழை இல்லை, கொடி அசையக்கூடக் காற்றில்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் கடற்காவல் படகை அனுப்பச் சொன்னேன். போனவர்கள் அங்கே மீன் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

எங்கள் ரேடாரைப் பழுது பார்க்கிற இயந்திரக்காரருக்கு ஸ்பேனர் என்று பெயர். தூக்கத்திலும் அவர் சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் இருக்கும். உருண்டைக்குள் ஏறி, தட்டைக் கழற்றி மாட்டி, வியர்த்து வடிய இறங்கிவந்தார்.

"இயந்திரம் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப அந்தப் புள்ளி?"

"அதை என்கிட்ட கேட்கறீங்க? பேய் எது, மழை எதுன்னு சொல்றதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வருஷத்து அதே இடம்தானே இது?" என்றார். அதற்கப்புறம் மூன்று மணி ஆனால் ஸ்பேனர் அந்த அறையில் இருக்க மாட்டார். ஏதாவது ஒரு திருகு அவரை மாடிக்குக் கூப்பிடும்.

பதினோரு நாள் மதிய நடை நின்றது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்க புள்ளியை ஊர்ல ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. எனக்கும் விற்க முடியல" என்று முடித்துக்கொண்டார். இனிமேல் தன்னைக் கேட்காமல் கொடி ஏற்றக் கூடாது என்றார். தீவில் வேலை முடிந்து திரும்ப வேண்டிய ஆசிரியைகளும் மருத்துவமனை ஊழியர்களும் இருட்டிய பிறகு மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். மதிய நடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று துறைமுக அலுவலகத்திலிருந்து அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போன் செய்யவில்லை. நேரிலேயே வந்துவிட்டாள்.

இரண்டு மாடி ஏறிய மூச்சுவாங்கல்கூட இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் எண்ணெய்க் கறை, இடுப்பில் படகுச் சாவி. திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"எங்கடா அது?"

காட்டினேன். மூன்று ஐந்து ஆகியிருந்தது. பச்சையாக, சின்னதாக, அசையாமல் இருந்தது.

"இதுவா? கடுகு தாளிக்கையில ஒண்ணு தெறிச்சு விழுந்த மாதிரி இருக்கு. இதுக்காடா பன்னெண்டு நாளா என்னைக் கட்டிப் போட்டிருக்க?"

"அக்கா, இது மழை. எல்லா சோதனையும் பண்ணிட்டேன்."

"ஜன்னலைத் திறந்து பார்க்கிற சோதனை பண்ணுனியா?"

"பண்ணுனேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல."

"அது! எனக்கும் அதுதான் தெரியுது. படிக்காமலே தெரியுது."

மாடிக்குப் போகக் கிளம்பிய ஸ்பேனர், வாசலில் மாட்டிக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்து திரையைப் பார்த்தாள். கரையிலிருந்து தீவு வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தாள். புள்ளிக்கு மேலே வந்ததும் விரல் நின்றது. தினமும் அந்த வழியில் போகிறவள். அவளுக்குப் பாகையும் தூரமும் தேவையில்லை.

"இது படகு கவிழ்ந்து கிடந்த இடம்."

"ஆமா."

ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது திரையில் எண்ணெய்க் கறை ஒட்டியிருந்தது.

"உயிரோட இருக்கறப்பயும் கேட்காம போனாரு. இப்ப வழியை மறிச்சுகிட்டு நிக்கறாரா? நல்ல நியாயம்." நிமிர்ந்தாள். "பதினாலு பேர் படகுல உட்கார்ந்திருக்காங்க. நான் போறேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. கடைத்தெருவில் வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. முழு விலையையும் ஒரே தடவையில் வாயிலிருந்து விடமாட்டான். "காற்று வந்தா உடனே திரும்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

"காத்து வந்தா எனக்கே தெரியும். எனக்கு மூக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

மூன்று பதினைந்துக்குப் படகு புறப்பட்டது. படகில் இருக்கும் கருவி தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். எங்கள் திரையில் சின்ன வெள்ளை முக்கோணமாக அது நகரும். முக்கோணம் புள்ளியை நோக்கிப் போனது. மேகமில்லாத கடலில், மேலதிகாரியிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாற்பதுக்குப் புள்ளி வளர்ந்தது.

பதினோரு நாளும் இரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டாத புள்ளி அது. இப்போது ஏழு. பச்சை மஞ்சளாகி, நடுவில் சிவந்தது. மூன்று ஐம்பதுக்குப் பத்து. போன வருஷத்துப் பதிவை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருஷமாக எனக்கு மனப்பாடம். அதே உயரம், அதே நிறம், அதே நிமிடம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

வானொலியை எடுத்தேன்.

"அக்கா, திரும்பு. மேகம் ஏறுது."

கரகரப்புக்கு நடுவே அவள் குரல் சாவகாசமாக வந்தது. "எந்த மேகம்? இங்க வானம் கழுவிக் கவுத்த பாத்திரம் மாதிரி இருக்கு. தண்ணி தகடு மாதிரி கிடக்கு."

"சொன்னா கேளு. பத்து கிலோமீட்டர் ஏறிடுச்சு. நாலு அஞ்சுக்குச் சரிஞ்சிடும்."

"சரியப் போற நேரம்கூடத் தெரியுமா? ஜோசியம் எப்ப கத்துக்கிட்ட?"

"அன்னைக்கும் இப்படித்தான் ஏறுச்சு. நிமிஷம் பிசகல. மூணு மணிக்கு இதே இடத்துல, இதே அளவுலதான் முளைச்சுது, அப்புறம்..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்துவிட்டது. வியாபாரிகள் வீட்டுப் பெண்தானே அவளும்.

"மூணு மணிக்கா?" என்றாள். "விசாரணையில மூணு நாப்பதுன்னு எழுதிக் கொடுத்த."

வானொலியில் பேசுகிற பொத்தானை விட்டால்தான் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்கும். விட்டேன். அவள் பேசவில்லை. என் பெரியப்பா இதை ஆயுதமாகவே வைத்திருந்தார். விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார். எதிராளி தாங்க முடியாமல் தானாகவே இறங்கிவருவான். முதலில் வாய் திறக்கிறவன் தோற்றான். இது தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் திறந்தேன்.

"மூணு மணிக்கே இருந்துச்சுக்கா. பேய்னு நினைச்சுட்டேன்."

திரையில் முக்கோணம் புள்ளியின் ஓரத்தைத் தொட்டது.

"மறுகேள்வி கேட்டிருக்கணும். ஆறு நிமிஷம்தான். மூணு நாளா பேய்தானே வந்துச்சுன்னு விட்டுட்டேன்."

ஸ்பேனர் மாடியிலிருந்து இறங்கிவந்து கதவருகே நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"அவர் போன் பண்ணாருக்கா. லைன் கிடைச்சுது. போகலாமான்னு கேட்டாரு. போங்கன்னு நான்தான் சொன்னேன்."

கரகரப்பு. என்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் ஒரு நொடி கேட்டு அறுந்தது.

"கிழக்கால கறுப்பு தெரியுது, இன்னொரு தடவை கேட்டுப் பாருன்னாரு. நான்..." அதற்கும் கீழே இறங்க இன்னும் ஒரு படி இருந்தது. "நான் சிரிச்சேன்."

பொத்தானை விட்டேன். நாலு மணி இரண்டு நிமிடம். திரையில் புள்ளி கறுஞ்சிவப்பாகப் பதிமூன்று கிலோமீட்டர் எழும்பி நின்றது. முக்கோணம் அதற்கு நடுவில் இருந்தது. நகரவில்லை.

"அக்கா? ஏன் நின்னுட்ட? அக்கா!"

"என்ஜினை நிறுத்தியிருக்கேன்" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அப்ப அவரு கேட்டிருக்காரு."

"ஆமா."

"ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை கேட்டிருக்காரு."

"ஆமாக்கா."

"ஒரு வருஷமா அந்த மனுஷனை நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா உனக்கு? நீ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தியே."

கடிகாரம் நாலு ஐந்தைத் தொட்டது. திரையில் மேகம் சரிந்தது. பதிமூன்று ஒன்பதாகி, நாலாகி, சிவப்பு கலைந்து, கடல்மேல் வட்டமாக விரிந்தது. போன வருஷம் அந்த வட்டம்தான் படகைக் கவிழ்த்தது. மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வானொலியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் கரகரப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு அது கூடிக்கொண்டே போனது. படகின் தார்ப்பாய்மேல் கொட்டுகிற மழை. அதற்கு அடியில் பயணிகளின் குரல்கள். யாரோ ஒரு பெண், "வெயில் அடிக்குதே, எங்கிருந்து வருது?" என்று சிரிப்பும் பயமுமாகக் கேட்டாள்.

"காத்து அடிக்குதா?" என்று கத்தினேன். "அக்கா, காத்து எப்படி?"

"காத்து இல்ல" என்றாள். "மழை மட்டும்தான். சில்லுனு இருக்கு. மேல ஒரு துணுக்கு மேகம் இல்ல." அப்புறம் என்னிடம் பேசாத ஒரு குரலில், ஏதோ சொன்னாள். கணவரிடம் பேசுகிற குரல் அது. பொத்தானை அமுக்கியிருந்ததை மறந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. ஒரு வருஷம் பிந்திய அழுகையும் அதோடு வந்தது. ஸ்பேனர் நடந்துவந்து, ஒலியைக் குறைத்துவிட்டு, மறுபடி வெளியே போய்விட்டார்.

மூன்று நிமிடம் பெய்தது. முக்கோணம் நகர ஆரம்பித்தது. புள்ளி அங்கேயே சின்னதாகப் பச்சையாக நின்றது. நான் மறுகேள்வி கேட்கவில்லை.

விசாரணை அலுவலகத்துக்கு அன்று சாயங்காலமே புதுசாக எழுதிக் கொடுத்தேன். மூன்று மணி இரண்டு நிமிடம் என்று எழுதினேன். போன் வந்ததையும், சிரித்ததையும் எழுதினேன். சிரித்தது தேவையில்லை என்று மேலதிகாரி அடித்துவிட்டார். ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எனக்குக் கொடுக்க வேறு தண்டனை அவர்களுக்குத் தோன்றாததால் இதைக் கொடுத்திருப்பார்களோ என்று சில சமயம் நினைப்பேன்.

அக்கா அத்தானின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதை எனக்கு ஸ்பேனர்தான் சொன்னார். அந்த வீட்டுக்கு நான் இப்போது போவதில்லை. அவள் கூப்பிடவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மணிக்குப் போன் வருகிறது. "போகலாமா?" என்று ஒரே வார்த்தை. பழைய வாக்கியம் கிடையாது. நான் பார்த்துச் சொல்கிறேன். அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம்.

புள்ளி கோடைமழைக் காலம் முழுவதும் வருகிறது. அதற்கு நாங்கள் கொடி ஏற்றுவதில்லை, அழிப்பதும் இல்லை. பதிவேட்டில் அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியாததால் பாகையையும் தூரத்தையும் மட்டும் எழுதுகிறோம். மதிய நடையில் படகு அந்த இடத்துக்கு வந்ததும் அக்கா என்ஜினை நிறுத்துகிறாள். துறைமுக விதி போலிருக்கிறது என்று பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கொளுத்துகிற வெயிலில் எதற்கு நிற்கிறோம் என்று முணுமுணுப்பார்களாம். தினமும் அந்தப் படகில் போகிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் பையைத் திறந்து குடையை எடுத்து விரிப்பார்களாம். பக்கத்தில் இருக்கிறவர்களையும் உள்ளே நகர்ந்து உட்காரச் சொல்வார்களாம்.